வார்ப்பு ஈயக் குண்டு: வேட்டை ரைஃபிளுக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வார்ப்பு ஈயக் குண்டு வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "இது எவ்வளவு கெட்டி?" என்றுதான். குழலின் அளவை அளந்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்வதும், குறி சிதறுவதும், கடைசியில் "ஈயக் குண்டே சரிப்படாது" என்று கைவிடுவதும் பெரும்பாலும் இந்த வரிசைப் பிசகால்தான். அளவு சரியாக இருந்தால் மிதமான கெட்டித்தன்மையே போதும். அளவு தவறினால் எவ்வளவு கெட்டியான குண்டும் காப்பாற்றாது.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். குண்டு என்பது பறந்து போகும் ஈயத்துண்டு மட்டும். உறை, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. குண்டை மட்டும் வாங்கித் தோட்டாவைத் தாமே கட்டிக்கொள்கிறவர்களுக்கானது இது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகளில் 'தௌ' என்பார்கள், இங்கும் அப்படியே.

சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வேட்டைக்கு ஈயமே கூடாது என்ற இடங்கள் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயத் தோட்டா தடை. நீங்கள் வேட்டையாடும் பகுதியில் ஈயத்துக்கு அனுமதி உண்டா, அந்த விலங்குக்குக் குறைந்தபட்ச காலிபர் (குழல் விட்ட அளவு) ஏதும் விதித்திருக்கிறார்களா என்று தெரிந்துகொண்ட பிறகே காசைச் செலவழியுங்கள்.

குழலை அளப்பது

பெட்டியில் .30 என்றோ .45 என்றோ போட்டிருப்பது வெறும் பெயர். குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டியிருக்கும் ரைஃப்லிங்கில் மேடும் காடியும் (பள்ளமும்) மாறி மாறி இருக்கும். நமக்கு வேண்டியது காடியிலிருந்து எதிர்க் காடி வரையிலான விட்டம். .30-30 ரைஃபிளில் அது 0.308 அங்குலம் என்று புத்தகம் சொல்லும். கையிலிருக்கும் துப்பாக்கி இரண்டு தௌ கூட்டியோ குறைத்தோ சொல்லலாம். பழைய .303 பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்களில் 0.311-இலிருந்து 0.316 வரைகூடப் பார்க்கலாம். உலோக மேலுறை போட்ட குண்டு இந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஈயம் பொறுக்காது.

முதல் வேலை, குழலில் படிந்திருக்கும் செம்பை முழுக்க எடுப்பது. மேலுறைக் குண்டுகள் விட்டுப்போன செம்புப் படிவின்மேல் ஈயம் உடனே ஒட்டும். செம்பு கரைக்கும் திரவத்தில் நனைத்த துணி நீலமோ பச்சையோ இல்லாமல் வெளியே வரும்வரை விடாதீர்கள். இதை அரைகுறையாகச் செய்துவிட்டு குண்டைக் குறை சொல்வது ரொம்ப சகஜம்.

பிறகு அளவெடுப்பு:

1. துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா ஊட்டும் லீவர் ரைஃபிளானால் ஆக்‌ஷனைத் திறந்து வையுங்கள்.
2. குழலைவிடச் சற்றே பெரிய, கலப்பில்லாத மென் ஈய உருண்டை ஒன்று வேண்டும். தூண்டில் ஈயக்குண்டு போதும், நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். கெட்டி ஈயம் அடித்த பின் சற்று விரிந்து அளவை ஏமாற்றும்.
3. குழலுக்குள் லேசாக எண்ணெய் தடவி, குழல் வாயில் உருண்டையை வைத்து மரச்சுத்தியால் தட்டி இறக்குங்கள். ஓரத்தில் ஒரு ஈய வளையம் சீவி வந்தால் நல்லது. காடி முழுக்க நிரம்பியிருக்கிறது என்று பொருள்.
4. பித்தளைக் கம்பியால், அல்லது டேப் சுற்றிய எஃகுக் கம்பியால், சின்னச் சின்னத் தட்டாகத் தள்ளிக்கொண்டு போங்கள். மரக்குச்சி வேண்டாம். அது சாய்வாகப் பிளந்து ஆப்பு போலக் குழலுக்குள் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.
5. தள்ளும்போது கையில் படுவதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். லீவர் ரைஃபிள்களில் பின்குறியைப் பொருத்த வெட்டிய பள்ளத்துக்கு நேர் கீழே குழல் இறுகியிருப்பது உண்டு. இறுகிய இடத்தைத் தாண்டிய உருண்டை அந்தச் சின்ன அளவையே காட்டும் என்பதால், தொண்டைப் பக்கத்தையும் வாய்ப் பக்கத்தையும் தனித்தனி உருண்டையால் அளப்பது நல்லது.

வெளியே வந்த உருண்டையைக் கையில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் பட்டை பட்டையாகத் தடம் பதிந்திருக்கும். புடைத்து நிற்பவை குழலின் காடிகள், பள்ளமானவை மேடுகள். எதிரெதிர்ப் புடைப்புகளுக்கிடையே மைக்ரோமீட்டரால் அளங்கள். கேலிப்பர் இதற்கு ஆகாது, அதன் பிழையே ஒரு தௌ இருக்கும். .303 பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதுபோல ஐந்து காடி இருந்தால் ஒரு புடைப்புக்கு எதிரே பள்ளம்தான் வரும், சாதாரண மைக்ரோமீட்டர் தவறான எண்ணையே கொடுக்கும். 'வி' வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் உள்ள லேத் பட்டறையில் கொடுத்து அளந்து வாங்குங்கள்.

தொண்டையும் உறையின் கழுத்தும்

காடி விட்டத்தைவிட ஒன்று முதல் இரண்டு தௌ பெரிய குண்டு என்பது பொது விதி. 0.308 குழலுக்கு 0.309 அல்லது 0.310, 0.458 குழலுக்கு 0.459 அல்லது 0.460. ஆனால் குண்டு முதலில் சந்திப்பது காடியை அல்ல, தொண்டையை. அதாவது தோட்டா அறை முடிந்து ரைஃப்லிங் ஆரம்பிக்கும் வரையுள்ள வழுவழுப்பான பகுதி. பலமுறை சுட்ட துப்பாக்கியில் அது தேய்ந்து அகன்றிருக்கும். குண்டு தொண்டையை நிரப்பாவிட்டால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரிக்கும். ஆகவே தொண்டைக்கு ஏற்ற குண்டு கிடைக்குமானால், காடி விட்டத்தைவிட மூன்று தௌ பெரிதானாலும் அதையே எடுக்கலாம். தொண்டையை அளக்க செர்ரோசேஃப் என்ற, 70 முதல் 88 டிகிரி செல்சியஸில் உருகும் கலவையை அறைக்குள் வார்த்து எடுப்பார்கள். அது முதலில் சுருங்கிப் பிறகு விரியும். வார்த்து சுமார் ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மை அளவில் இருக்கும், அப்போதே அளந்துவிட வேண்டும்.

மேல் எல்லையும் உண்டு. குண்டு பெரிதாகும்போது உறையின் கழுத்தும் பெரிதாகும். அறையில் அந்தக் கழுத்து விரிய இடமில்லாமல் போனால் குண்டை விடுவிக்க முடியாமல் அழுத்தம் அபாயமாக ஏறும். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று: அதே துப்பாக்கியில் சுட்ட, மறுபடி அளவு குறுக்காத உறையை எடுத்து, குண்டை விரலால் அதன் வாயில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நழுவி உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால், வாய் மடிந்திருப்பதுதான் காரணமா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தக் குண்டு அந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம்.

கழுத்தின் நீளமும் பார்க்க வேண்டியதே. குண்டின் அடிப்பாகம் கழுத்தைத் தாண்டி உள்ளே, மருந்து இருக்கும் அகன்ற பகுதிக்குள் துருத்துவது நல்லதல்ல. .308 வின்செஸ்டரின் கழுத்து 0.304 அங்குலம்தான், நீண்ட குண்டு அதில் சங்கடப்படும். .30-30-இன் கழுத்து நீளமானது. ஈயக் குண்டுக்காரர்கள் அதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எடையும் முறுக்கும்

குண்டு நிலையாகப் பறக்க எடையைவிட நீளமே முக்கியம். 1879-இல் ஜார்ஜ் கிரீன்ஹில் கொடுத்த சூத்திரம் இந்த வேகங்களில் இன்றும் உதவுகிறது: 150-ஐக் குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, முறுக்கு (குழலுக்குள் காடிகள் சுழன்று செல்லும் சுருள்) ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் அங்குலத்தால் வகுத்தால், அந்தக் குழல் தாங்கும் நீளம் அங்குலத்தில் கிடைக்கும்.

.458 குண்டு, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சுமார் 1.57 அங்குலம் வரை தாங்கும். .45-70 தோட்டாவில் போடும் 405 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) குண்டு இதற்குள் தாராளமாக அடங்கும். .44 மேக்னம் ரைஃபிள்கள் சிலவற்றில் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான், 0.430 விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 0.73 அங்குலம் வரும். 240 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட அந்த அளவில் நிற்கும். 300 கிரெயின் நீளக் குண்டைக் குறைந்த வேகத்தில் சுட்டால் காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துளை போல நீள் ஓட்டை விழும். குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

முறுக்கு அதிகமானாலும் தொல்லை. வேகத்தை, வினாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கில், 720-ஆல் பெருக்கி முறுக்கின் அங்குலத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்று வரும். 12 அங்குல முறுக்கில் 2,000 அடி வேகம் 1,20,000 சுழற்சி, 10 அங்குல முறுக்கில் அதே வேகம் 1,44,000. சாதாரண வார்ப்புக் குண்டில் இருக்கும் சின்னக் கோணல் 1,20,000-க்கும் 1,40,000-க்கும் இடையில் குறியைச் சிதறடிக்கத் தொடங்கும் என்பது பலரின் அனுபவம். இதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் முதன்முதலாக ஈயக் குண்டுக்கு வருகிறவர் அந்த எல்லைக்குக் கீழே நிற்பது புத்திசாலித்தனம்.

மூக்கு

வேட்டைக்குத் தட்டை மூக்கு. இதில் பெரிய விவாதம் தேவையில்லை. கூர்மூக்கு வேகம் குறைந்த நிலையில் விரியாமல் ஊசி போல ஊடுருவிப் போய்விடும். தட்டை மூக்கு விரியாவிட்டாலும் திசுவைத் தள்ளிக்கொண்டு போய் அகலமான காயத்தை உண்டாக்கும். தட்டை முகத்தின் அகலம் குண்டு விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தால் நல்லது. ரொம்ப அகலமானால் தோட்டா ஊட்டும் வழியில் தட்டிக்கொண்டு நிற்கும், காற்றிலும் வேகம் சீக்கிரம் குறையும்.

குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிளில் இது உயிர் காக்கும் விதி. அங்கே ஒரு தோட்டாவின் மூக்கு முன்னிருக்கும் தோட்டாவின் ப்ரைமர்மேல் அழுந்தி நிற்கும். கூர்மூக்குப் போட்டால் பின்னுதையின் அதிர்ச்சியில் மேகசினுக்குள்ளேயே வெடிக்கக்கூடும். தட்டை மூக்கைத் தவிர வேறெதையும் அதில் போடாதீர்கள்.

முன்பகுதி குழலின் மேடுகளைத் தொட்டுச் சவாரி செய்யும் வகைக் குண்டானால், அதன் மூக்கையும் அளங்கள். .30 குழலில் மேட்டு விட்டம் 0.300 என்றால் மூக்கு 0.300 அல்லது 0.301 இருக்க வேண்டும். 0.298 ஆனால் குண்டு சாய்ந்துகொண்டே குழலுக்குள் நுழையும், பின்பாகம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் பலனில்லை.

இனி கெட்டித்தன்மை

ஈயத்தின் கெட்டித்தன்மையைப் பிரினெல் எண்ணில் சொல்வார்கள். சுத்த ஈயம் 5. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் சுமார் 10. வாகனச் சக்கரங்களில் ஒட்டும் ஈயச் சமநிலை எடைகளை உருக்கியது 9-இலிருந்து 12. ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 சதவீதம் கலந்த லைமன் 2-ஆம் எண் கலவை 15. அச்சகத்து லைனோடைப் உலோகம், அதாவது ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம் கொண்டது, 20-ஐ ஒட்டி வரும்.

ஆன்டிமனி கெட்டியாக்கும், ஆனால் நொறுங்கும் குணத்தையும் கூடவே கொண்டு வரும். வெள்ளீயம் இழைந்துகொடுக்கும் தன்மையைத் தரும், அச்சில் ஈயம் ஓரம்வரை நிரம்பவும் உதவும். இரண்டு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பது பெரும்பாலும் காசு விரயம். லைனோடைப்பில் வார்த்த குண்டு காகிதத்தில் அழகாகக் குவியும், எலும்பில் பட்டால் சில்லுச் சில்லாக உடையும். வேட்டைக்கு அதை அப்படியே போடுவது சரியல்ல. சக்கர எடை ஈயமும் சுத்த ஈயமும் சரிபாதி, அதில் இரண்டு சதவீதம் வெள்ளீயம் என்ற கலவை வேட்டைக்காரர்களிடையே நெடுநாளாக நல்ல பெயர் வாங்கியது. அது விரியும், உடையாது.

எவ்வளவு கெட்டி வேண்டும் என்பதற்குத் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்கி அதில் 90 சதவீதம் எடுத்தால், அந்த ஈயம் குலையாமல் தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று வரும். 15 என்றால் சுமார் 19,200. இது கல்லில் செதுக்கிய எல்லையல்ல. அளவு சரியாகப் பொருந்திய, அடியில் செம்புக் கிண்ணி போட்ட குண்டு இதை வெகுவாகத் தாண்டும். கீழ்ப்பக்கம்தான் பலர் மறப்பது: மென்மையான அழுத்தத்தில் சுடும் தோட்டாவுக்கு 22 எண் குண்டு போட்டால், அதன் அடி அழுத்தத்தில் புடைத்துக் காடியை அடைக்காது. அளவும் ஒரு தௌ குறைந்திருந்தால் வாயு கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். கெட்டிக் குண்டால் ஈயம் படிகிறது என்று சொன்னால் நம்பாதவர்கள் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

விரிவைப் பொறுத்தவரை, குழல் வாயில் உள்ள வேகத்தைப் பார்க்காமல் விலங்கைத் தொடும்போது மிஞ்சியிருக்கும் வேகத்தைக் கணக்கிடுங்கள். 10 எண் வெள்ளீயக் கலவை வினாடிக்கு 1,300 முதல் 1,500 அடியில் விரியத் தொடங்கும். 15-க்கு மேலானது 1,800 அடிக்குக் கீழே நம்பும்படி விரியாது. விட்டம் பெரிய .45 குண்டு விரியாவிட்டாலும் வேலை நடக்கும். .30 குண்டுக்கு விரிவு வேண்டும், அதனால் மென்மை வேண்டும்.

தண்ணீரில் போட்டுக் கெட்டியாக்கிய குண்டுகளும் விற்பனைக்கு வரும். சக்கர எடைக் கலவை அப்படி 18-ஐத் தாண்டிவிடும். வேட்டைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாத கெட்டி.

அடியும் மசகும்

காஸ் செக் என்பது குண்டின் அடியில் மாட்டும் மெல்லிய செம்புக் கிண்ணி. அடி ஓரத்தை வாயுவின் அரிப்பிலிருந்து காக்கும். வெறும் அடிக் குண்டை 1,400 அடி வேகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், 2,000 அடி வரை போக எண்ணினால், காஸ் செக்குக்கான படி அடியில் வெட்டப்பட்ட வகையை வாங்குங்கள். படி வெட்டிய குண்டைக் கிண்ணி இல்லாமல் சுடாதீர்கள்.

மசகுக்குத் தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி கலந்தது பழைய, நம்பகமான கலவை. மசகுக் காடிகள் முழுக்க நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் உருகி ஒழுகும் மசகு மருந்தில் கலந்து அதைக் கெடுக்கும், கடும் குளிரில் கல்லாகும் மசகு வேலை செய்யாது. பவுடர் கோட்டிங், அதாவது தூளைத் தூவிச் சூடாக்கிப் பதிய வைக்கும் பூச்சு, பூசிய குண்டுக்கு மெழுகு வேண்டாம். ஆனால் பூச்சு குண்டின் விட்டத்தை ஏறக்குறைய இரண்டு தௌ கூட்டும், ஆகவே பூசிய பிறகு அளங்கள். பூச்சு இறுகச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் சூடாக்குவதால், முன்பு தண்ணீரில் கெட்டியாக்கியது மறுபடி இளகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாங்கிய குண்டைச் சோதிப்பது

முதலில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் வாங்குங்கள். பத்துக் குண்டை எடுத்து விட்டத்தை இரு திசையில் அளங்கள். பெட்டியில் 0.310 என்று இருந்து கையில் 0.3085 வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து அடிப்பாகம். ஓரம் கத்தி போலக் கூர்மையாக, வட்டம் முழுமையாக இருக்க வேண்டும். மூக்கில் சின்னச் சுருக்கம் இருந்தால் பெரிதாகக் கெடாது, அடி ஓரத்தில் உருண்டையான ஒரு மூலை இருந்தால் அந்தக் குண்டு குறியை விட்டு விலகும். பிறகு எடை: 170 கிரெயின் குண்டுகளில் ஒன்று மட்டும் இரண்டு மூன்று கிரெயின் குறைந்தால் உள்ளே காற்றுக்குழி இருக்கிறது என்று பொருள், ஒதுக்குங்கள்.

ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள்.

நல்ல குண்டைக் கெடுக்கும் டை

சரியான அளவில் வாங்கிய குண்டு தோட்டாவுக்குள் போகும்போது சுருங்கிவிடுவது உண்டு. மேலுறைக் குண்டுக்கான டை (உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) உறைக் கழுத்தை இறுக்கமாக விடும், மென் ஈயம் உள்ளே போகையில் பித்தளை அதைப் பிழிந்துவிடும். மருந்தும் ப்ரைமரும் இல்லாத உறையில் ஒரு குண்டை அமர்த்தி, பிடுங்கி, மறுபடி அளந்து பாருங்கள். 0.310 உள்ளே போய் 0.308 ஆக வெளியே வந்தால், பக்கத்தில் மெல்லிய ஈயச் சுருளும் கிடந்தால், குறை குண்டில் இல்லை. ஈயக் குண்டுக்கென்று இரண்டு படியாக விரிக்கும் எக்ஸ்பாண்டரை வாங்கி, குண்டின் அடி வழுக்கி இறங்கும் அளவு மட்டும் உறை வாயை மலர்த்துங்கள். நேர்ச்சுவர் உறைகளில் தோட்டா முழுவதையும் கடைசியாக ஒருமுறை அளவு குறுக்கும், உறை வாயை மடித்து இறுக்கும் கிரிம்ப் டையும் இதே கேட்டைச் செய்யும்.

மருந்தின் அளவை அந்தக் குண்டின் எடைக்கும் வகைக்கும் அச்சிட்ட லோடிங் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். மேலுறைக் குண்டுக்கான அளவை ஈயத்துக்கு மாற்றிப் போடாதீர்கள். கீழ் அளவிலிருந்து தொடங்குங்கள்.

சுட்டுப் பார்த்துப் படிப்பது

சுத்தமான குழலில் பத்துச் சுற்று சுட்டு, குழலுக்குள் விளக்குப் பிடித்துப் பாருங்கள். தொண்டைக்கு அருகே ஈயக் கோடுகள் இருந்தால் குண்டு சிறியது அல்லது டை சுருக்கிவிட்டது. முதல் பாதி சுத்தமாக இருந்து வாய்ப் பக்கம் மட்டும் படிந்தால் மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது. குழல் முழுக்கப் படிந்தால், உட்புறம் சொரசொரப்பா, வேகம் அதிகமா, செம்பு மிச்சமா என்று வரிசையாகப் பாருங்கள். மூன்று நிலையிலும் "இன்னும் கெட்டிக் குண்டு" என்று ஓடுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

வேட்டைக்குப் போகுமுன் இன்னொரு சோதனை உண்டு. சுத்தம் செய்த குழலின் முதல் இரண்டு மூன்று குண்டுகள் வேறிடத்தில் விழும். மசகு படிந்த பிறகே குழல் ஒரு நிலைக்கு வரும். எனவே நன்றாகக் குவிந்த பிறகு குழலைத் தேய்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, வெவ்வேறு நாளில், குளிர்ந்த குழலில், ஒரே காகிதத்தில் ஒவ்வொரு குண்டாகச் சுடுங்கள். ஐந்து நாளில் விழுந்த ஐந்து ஓட்டையும் எவ்வளவு அகலத்தில் இருக்கிறதோ, காட்டில் அந்த ரைஃபிளிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே. எந்தத் தூரத்தில் அந்த ஐந்தும் விலங்கின் நெஞ்சுக்கூட்டுக்குள் அடங்குகிறதோ, அதைத் தாண்டி விசையை இழுக்காதீர்கள்.